நாலு கோட்டில் ஒரு யுத்தம்

நெய்வேலி டவுன்ஷிப்பின் பழைய குடும்பங்கள் சிலவற்றில் தொடர்கதை பைண்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆனந்த விகடனிலும் கல்கியிலும் வாராவாரம் வந்த கதையைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுத் தைத்தவை. கதைக்காகக் கிழித்த தாளின் ஓரத்திலும் மறுபக்கத்திலும் சிரிப்புப் படங்கள் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டன. கதையை விட்டுவிட்டு அவற்றை மட்டும் பார்த்துக்கொண்டு போவதில் தனி ருசி உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்து ஏடுகள் என்றால் அந்த ருசி இன்னும் கூடும்.

அப்போது காகிதத்துக்குக் கட்டுப்பாடு. பக்கங்கள் குறைந்தன, தாளும் மட்டம். சிக்கனம் ஓவியர் மாலிக்குப் புதிதல்ல. விகடன் தாத்தாவை வரைந்த கை அது. அவர் வரைந்த சங்கீத வித்வான்களைப் பாருங்கள். குடுமிக்கு ஒரு சுழி, வயிற்றுக்கு ஒரு வளைவு, தாளம் போடும் கைக்கு இரண்டு இழுப்பு. மீதியை வெள்ளைத் தாள் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் ஆள் யார் என்று கச்சேரிக்குப் போகிறவர் உடனே சொல்லிவிடுவார். கும்பகோணத்தில் ஓவியம் படித்த இளைஞர் கோபுலு அவரிடம் வந்து சேர்ந்ததும் யுத்த காலத்தில்தான்.

அதே சமயம் லண்டன் 'பஞ்ச்' வார இதழிலும் இந்தச் சிக்கனக் கோட்டுக் கலை உச்சத்தில் இருந்தது. 1940 ஆகஸ்ட் 14 இதழில் பான்ட் வரைந்த படம் ஒன்றை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஒரு கிராமத்து மதுக்கடை. படையெடுப்புக்குப் பயந்து பிரிட்டன் முழுக்க மக்கள் கதிகலங்கிப் போயிருக்கிறார்கள் என்று ரேடியோ முழங்குகிறது. கடையில் இருப்பவர்களோ அசையாமல் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முகத்திலும் சலனம் இல்லை. கீழே எழுத்து ஒன்று சொல்ல, மேலே படம் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு. ஒருவர் முகத்திலாவது கேலிப் புன்னகையை வரைந்திருந்தால் படம் கெட்டிருக்கும். நிஜத்தில் அந்த வாரங்களில் ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் மேல் பறந்துகொண்டிருந்தன. பான்ட் அதே ஆண்டு நவம்பரில் 32 வயதில் இறந்துபோனார்.

பஞ்சின் ஓவிய ஆசிரியர் ஃபூகாஸ், முதல் உலக யுத்தத்தில் கலிப்போலியில் முதுகெலும்பு நொறுங்கியவர். ரகசியம் வெளியே கசியக் கூடாது என்று அரசுக்காக அவர் வரைந்த சுவரொட்டி ஒன்றில் இரண்டு பெண்மணிகள் பஸ்ஸில் ஊர்க்கதை பேசிக்கொண்டு போகிறார்கள். பின் சீட்டில் ஹிட்லரும் கோரிங்கும். பயமுறுத்தும் கருமை எதுவும் கிடையாது. மெல்லிய கோடு, சுற்றிலும் வெள்ளை. பயத்தையே இவ்வளவு லேசான கையால் தொட்டவர்கள் குறைவு.

சென்னையில் பான்ட்டின் மதுக்கடை எடுபட்டிருக்காது. 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட, பட்டணமே காலியாயிற்று. மூட்டை முடிச்சோடு சொந்த ஊருக்கு ஓடிய குடும்பங்கள், ரேஷன் க்யூ, பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் முக்கி முனகி ஓடிய பஸ் என்று நம் ஊர் யுத்தகாலம் வேறு. ஓடாதவனின் அமைதியை பான்ட் வரைந்தார். ஓடியவனின் பதற்றமும் அதே அளவு வரையத் தகுந்ததுதான்.

அந்த பைண்டுகளின் தாள்கள் இப்போது தொட்டாலே நொறுங்குகின்றன. கதை பிறகு புத்தகமாக வந்துவிட்டது; ஓரத்துப் படங்களில் பெரும்பாலானவை வரவில்லை. வீட்டில் பைண்டு இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். வைத்துக்கொள்ள இடம் இல்லையென்றால், பழைய தமிழ் இதழ்களைப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.