மதிப்பெண் போடாத ஆசிரியரும் கூலி வாங்கும் மாணவரும்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிரின் மார், ஹேவர்ஃபோர்டு என்று அருகருகே இரண்டு கல்லூரிகள். கல்வியியல் பேராசிரியர் அலிசன் குக்-சாதர் அங்கே தொடங்கிய 'சால்ட்' திட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஒரு மாணவர் பருவம் முழுக்க வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பிறகு இருவரும் சந்தித்துப் பேசுவார்கள். யார் வாயே திறக்கவில்லை, எந்த எடுத்துக்காட்டு யாருக்கு அந்நியமாகப் பட்டது என்றெல்லாம் பேச்சு போகும். பல இன, பண்பாட்டு மாணவர்களுக்கும் வகுப்பில் இடம் வேண்டும் என்பது இதன் தொடக்ககால அக்கறை.

இதன் பலம் நல்லெண்ணத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த மாணவர் அந்தப் பாடத்தைப் படிப்பவர் அல்லர். ஆகவே அந்த ஆசிரியர் அவருக்கு மதிப்பெண் போடப்போவதில்லை. வேலைக்குக் கூலியும் உண்டு. பருவ இறுதியில் நாம் நிரப்பும் கருத்துப் படிவம் அடுத்த ஆண்டு வருபவர்களுக்குத்தான் உதவும் (உதவினால்!). இங்கே சொன்னதன் பலனை அடுத்த வாரமே பார்க்கலாம்.

ஆனால் சுமை யார் தலையில்? கறுப்பின மாணவி ஒருத்தி தான் ஒதுக்கப்பட்டதை வாராவாரம் ஆசிரியருக்கு விளக்குவது களைப்பூட்டும் வேலை. ஒரு சமூகத்துக்கே அவளைப் பிரதிநிதி ஆக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆசிரியர் பக்கமும் எல்லாரும் ஒன்றல்ல. வேற்றுநாட்டிலிருந்து வந்த, பணி நிரந்தரமாகாத ஓர் இளம் ஆசிரியருக்குப் பின்வரிசையில் குறிப்பெடுக்கும் மாணவர் இன்னொரு கண்காணிப்பாளராகவே தெரியலாம். முந்நூறு பேர் உட்காரும் விரிவுரைக் கூடங்களுக்கு இந்த ஏற்பாடு எப்படிப் பொருந்தும் என்பதும் தனிக் கேள்வி.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2017இல் மாணவர்-ஆசிரியர் கூட்டாண்மைக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கியது. மலேசியா, பாகிஸ்தான் பல்கலைக்கழகங்களும் இத்தகைய கூட்டாண்மையை முயன்று பார்த்திருக்கின்றன. ஆசியாவில் இது எடுபடாது, இங்கே குருவை எதிர்த்துப் பேசும் வழக்கமில்லை என்பார்கள். அதை நான் பாதிதான் ஏற்கிறேன். மரியாதை ஒரு காரணம்தான். அகமதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும் ஒரே கையில் இருக்கும்போது எந்த நாட்டு மாணவரும் வாயை மூடிக்கொள்வார். கூலியையும் மதிப்பெண் விலக்கையும் விட்டுவிட்டுச் சந்திப்பை மட்டும் நகலெடுக்கும் கல்லூரிகள் அதைக் கூட்டாண்மை என்று அழைக்காமல் இருப்பதே நேர்மை.