வழக்கின் பெயரும் கருவியின் குரலும்

யப்பானில் 1970களில் உருவான மின்கிற்றார்களை இன்று பழங்கருவிகளைச் சேகரிப்போர் பெரிதும் நாடுகின்றனர். அவற்றைச் சிறப்பிக்க அவர்கள் ஆளும் தொடர் ‘வழக்குக் கிற்றார்’ என்பதாகும். அமெரிக்கக் கிற்றார்களை அச்சொட்டாகப் போலச்செய்தமையால் வழக்குக்கு இலக்காகிய கருவிகள் என்பது அதன் பொருள். இத்தொடர் வரலாற்றுக்கு ஒவ்வாதது என்பதுடன் மதிப்பீட்டையும் திசைதிருப்புவது எனலாம்.

1977இல் கிப்சன் நிறுவனத்தின் உடைமையாளரான நோர்லின், ‘இபானெஸ்’ கிற்றார்களை விற்ற ஹொஷினோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையான எல்ஜர் மீது பிலடெல்பியாவில் வழக்குத் தொடுத்தது. வழக்குக்குப் பொருளாயிருந்தது கிற்றாரின் தலைப்பகுதியின் வடிவமே. அதனை இபானெஸ் ஏற்கெனவே மாற்றத் தொடங்கியிருந்தது. 1978இல் இரு தரப்பினரும் நீதிமன்றத்துக்கு வெளியே இணங்கினர். ஒரு நிறுவனத்தையும் ஓர் உறுப்பையும் பற்றிய இவ்வழக்கின் பெயர், கிரெக்கோ, டோக்காய் முதலிய பிற கருவிகளுக்கும் இன்று சூட்டப்படுகிறது. இதனால் உயர்வது விலையேயன்றி விளக்கமன்று.

இலக்கியத்தில் உருவம், உள்ளடக்கம் பற்றி எழுப்பப்படும் வினா இங்கும் பொருந்தும். கிப்சனின் லெஸ் போல் கிற்றாரில் கழுத்து உடலுடன் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதன் தோற்றத்தில் 1970களின் தொடக்கத்தில் யப்பானில் செய்யப்பட்ட பலவற்றிலோ கழுத்து திருகாணிகளாற் பிணைக்கப்பட்டிருந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியவை செய்முறையில் வேறாயிருந்தன. அப்பத்தாண்டினுள்ளேயே ஒட்டிய கழுத்தும் கைவந்தது. ‘ஆட்டிஸ்ற்’, ‘ஐஸ்மன்’ முதலிய சொந்த வடிவங்களும் தோன்றின. வழக்குக்கு முன்னரே தொடங்கிவிட்ட இம்மாற்றத்தின் களம் பட்டறையேயன்றி நீதிமன்றமன்று.

நன்னூலார் முதனூல், வழிநூல், சார்பு நூல் என வகுப்பர். முதனூலின் வழிச்சென்றும் தான் வேண்டும் வேறுபாட்டைக் கொண்டமைவதே வழிநூல். இவ்வேறுபாட்டைத் தேடுவதே திறனாய்வாளனின் பணி. போலச்செய்தலால் வணிகர் அடைந்த இலாபத்தை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. அதனிடையே வளர்ந்த தொழிற்றிறனை மறுக்கவும் வேண்டியதில்லை. 1960இல் மற்சுமோற்றோ நகரில் நிறுவப்பட்ட புஜிஜென் தொழிற்சாலை, இபானெஸ், கிரெக்கோ ஆகிய பெயர்களில் அமெரிக்க வடிவங்களைச் செய்துவந்தது. 1982இல் பெண்டர் நிறுவனம் யப்பானில் தன் பெயரிலேயே கிற்றார்களை உற்பத்தி செய்ய முற்பட்டபோது, அப்பணி அத்தொழிற்சாலையிடமே ஒப்படைக்கப்பட்டது. முதனூலார் வழிநூலாரை நாடிவந்த இந்நிகழ்ச்சி எந்த வழக்கினும் பொருள் பொதிந்ததாகும்.

1975இன் பிற்பகுதி முதல் இபானெஸ் கருவிகளிற் பொறிக்கப்பட்ட தொடரிலக்கத்தில், முதலெழுத்து மாதத்தையும் அடுத்த இரு இலக்கங்கள் ஆண்டையும் உணர்த்தும். செய்த தொழிலாளியின் பெயர் அதில் இல்லை. அவனது உழைப்பை அறிய விரும்புவோர், கழுத்து உள்ளங்கையில் அமையும் பாங்கையும் நரம்பு எழுப்பும் நாதத்தையும் வாசித்தே அறிதல் வேண்டும். தொடரிலக்கத்தைப் படித்து விலை கூறுவது வணிகம். வாசித்துத் தரம் காண்பதே மதிப்பீடு.