கேள்வியும் வாழ்வும்

வள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்தார். கற்றோர் சொல்லைச் செவியேற்று அறிவு பெறுதலே அங்குப் பேசப்படும் கேள்வி. கல்லாதோரிடம் கற்றோர் கேட்க வேண்டியதும் உண்டா என்பது நம் காலத்து வினா. அதற்கு ஈழத்து இலக்கியம் தந்த விடைகளுள் ஒன்று, மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’.

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கடற்படைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஐரோப்பிய வல்லரசுகள் அதற்காக மோதிக்கொண்டன. 1942-இல் சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957-இல் ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. கொட்டியாரக் குடாவின் மறுகரையில் வலை இழுத்தவனுக்கு அந்த ஏடுகளில் இடமில்லை. மூதூரிற் பிறந்து ஆசிரியப் பணி புரிந்த இராசரத்தினம் அவனுக்குச் செவி கொடுத்தார்.

1962-இல் நூலாகி, சாகித்திய மண்டலப் பரிசும் பெற்ற அத்தொகுதியின் தலைப்புக் கதையில், மீனவ இளைஞன் ஒருவன் சொந்தமாகத் தோணி ஒன்று வேண்டுமென ஏங்குகிறான். உழைப்பு அவனுடையது, தோணியோ பிறருடையது. இம்முரண்பாட்டை விளக்க ஆசிரியர் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவ்வளவு சிறிய ஆசையும் ஏன் எட்டாமற் போகிறது என்பதை அவன் நிலையில் நின்றே காட்டுகிறார். உற்பத்திக் கருவி எவர்க்கு உரியது என்னும் வினா வாசகன் உள்ளத்தில் தானே எழுகிறது. செவியேற்றலுக்கும் வினாவுக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவது பொருத்தமே அன்றோ!

1960களின் முற்பகுதியில் எழுந்த மரபுப் போராட்டத்தில், மக்களின் பேச்சை ‘இழிசனர் வழக்கு’ என ஒதுக்கிய பண்டிதர் இருந்தனர். ஒருவன் பேச்சு இலக்கியத்துக்கு ஆகாதெனின், அவன் வாழ்வும் ஆகாது என்பதே அதன் உட்பொருள். மறுபுறம், தொழிலாளியின் வாயில் தம் முழக்கங்களைத் திணித்த முற்போக்கு எழுத்தாளரும் உண்டு. முன்னவர் கேட்க மறுத்தனர். பின்னவர் கேட்குமுன் பேசினர். இருவருக்கும் ‘தோணி’ மறுப்பாக நிற்கிறது.

இது எழுத்தாளர்க்கு மட்டும் உரிய பாடமன்று. கரைவலைக் காலத்தில் பள்ளிக்கு வராத சிறுவனின் பெயருக்கு எதிரே வரவின்மையைக் குறித்துவிட்டு ஆசிரியர் அமைதி கொள்ளலாம். அவன் வீட்டார் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டால், வலை எவருடையது, கடன் எவ்வளவு, சிறுவனின் கூலி எதற்குச் செல்கிறது என்பன தெரியவரும். தெரிந்தபின் பதிவேட்டோடு கடமை முடிந்ததெனக் கொள்ள இயலுமா? அவனுக்குத் தவறிய பாடத்தை மாலையில் சொல்லித் தருவதும், அவன் தந்தையின் கூலிக்காகக் குரல் கொடுப்பதும் நம் பணியாகிவிடுகின்றன. ‘தோணி’யை வகுப்பில் படிப்பிக்கும் நாம் இதையும் ஏற்றாக வேண்டும்.