குடும்பப்பெயர் என்னும் கட்டாயம்: எக்ஸ்.500 பெயரடைவுத் தரநிலையும் தமிழர் பெயர் மரபும்

ஒரு நிறுவனத்தாரின் பெயர், பதவி, மின்னஞ்சல் முகவரி முதலியவற்றைத் தொகுத்து வைத்து, வேண்டியபோது தேடித் தருவது கணினிப் பெயரடைவு. இவ்வெளிய பணிக்கு உலகப் பொதுத் தரநிலை காணப் பன்னாட்டுக் குழுக்கள் முற்பட்டதன் விளைவே எக்ஸ்.500. அதன் முதற்பதிப்பு 1988இல் வெளிவந்தது.

உலகம் முழுவதையும் ஒரே மரமாக அது கண்டது: வேரின் கீழ் நாடு, நாட்டின் கீழ் நிறுவனம், அதன் கீழ்ப் பிரிவு, பிரிவின் கீழ் ஆள். ஒருவரது தொலைபேசி எண்ணைக் கேட்டறியவும் ஏழடுக்குத் தொடர்பு முறை தேவைப்பட்டது. அன்றைய மேசைக் கணினிகள் இச்சுமையைத் தாங்கவில்லை. எனவே மிச்சிகன் பல்கலைக்கழகம் முன்னின்று, இணையத்தின் மீது நேரடியாக இயங்கும் எல்டாப் என்னும் எளிய நெறிமுறையை உருவாக்கியது. அதன் விவரக்குறிப்பு 1993இல் வெளியாயிற்று.

நெறிமுறை எளிதாயினும், அதனுள் இருந்த மனிதரைப் பற்றிய கருத்து மாறவில்லை. ‘ஆள்’ என்னும் வகைக்குப் பொதுப்பெயரும் குடும்பப்பெயரும் கட்டாயம். 2006ஆம் ஆண்டின் திருத்தத்திலும் இவ்விதி நீடிக்கிறது. இயற்பெயர்க் கூறு கட்டாயமன்று.

தமிழர் வழக்கு பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. இயற்பெயரே பெயர், தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக முன்நிற்கும். தமிழகத்தில் குடும்பப்பெயர் இன்மை வெறும் குறையுமன்று. 1929ஆம் ஆண்டுச் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டை ஒட்டிப் பரவிய சாதிப்பட்டத் துறப்பும் அதில் அடங்கும். அத்தகைய ஒருவர் அயல்நாட்டில் பணியேற்கையில் தந்தையின் பெயர் குடும்பப்பெயராகப் பதிவாகிறது. இளங்கோவின் மகள் கயல்விழி, அலுவலக மடல்களில் ‘திருமதி இளங்கோ’ ஆகிறார். அவருடைய மகளோ வேறொரு குடும்பப்பெயரோடு நிற்கிறாள்.

முழுப்பெயரைப் பொதுப்பெயர்க் கூறில் இட்டு, குடும்பப்பெயரிடத்தில் அதனையே மீண்டும் எழுதலாமே எனத் தரநிலையின் சார்பாளர் கூறலாம். நடைமுறையில் அவ்வாறே செய்யப்படுகிறது. ஆயினும் இடத்தை நிரப்ப எழுதியதை அடுத்த மென்பொருள் உண்மையெனவே கொள்ளும். மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கவில்லை. அதனால் பெயரடைவு எதுவும் குலைந்துவிடவுமில்லை.

எக்ஸ்.500 மிகச் சிக்கலானது என்னும் பழைய குற்றச்சாட்டு உண்மையே. ஆயினும் அது பாதியே. உலகம் அனைத்திற்கும் இடம் வகுக்க முயன்ற தரநிலை, ஒற்றைப் பெயருடைய மனிதருக்கு இடம் வைக்கவில்லை. சிக்கலை நீக்கியோரும் அக்குறையை அப்படியே ஏற்றனர். கட்டாயப் பட்டியலிலிருந்து ஒரு சொல்லை விருப்பப் பட்டியலுக்கு மாற்றுவதே தீர்வு.