8 போட்டால் பூனை, எருமைக்கு என்ன போடுவது?

குழந்தைகளுக்கு விலங்கு வரையச் சொல்லித்தர நம்மிடம் ஒரு பழைய குறுக்குவழி உண்டு. 2 எழுதினால் அன்னம். 8 எழுதி மேலே ரெண்டு காது, பக்கத்தில் ஒரு வால் வைத்தால் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பூனை. யூடியூப் வந்தபிறகு இதுவே 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்று வளர்ந்திருக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு முட்டை வட்டம், ரெண்டாவதில் இன்னொரு வட்டம், ஆறாவது கட்டத்தில் யானை. அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடி பக்கம் சனி ஞாயிறுகளில் வீட்டு ஹாலிலும் மொட்டை மாடியிலும் நடக்கிற ஓவிய வகுப்புகளில் இந்த முறைதான் ஓடுகிறது. சிலவற்றை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகளின் டிராயிங் நோட்டுகளையும் புரட்டினேன். அதை வைத்து எழுதுகிற குறிப்பு இது.

எங்கே போனாலும் வரிசை ஒன்றுதான். முதலில் பென்சில் கோடு. கோடு சரியாக வரும்வரை ரப்பர். அப்புறம் வாட்டர் கலர் டப்பா. யானைக்குச் சாம்பல், புலிக்கு ஆரஞ்சு, எருமைக்குக் கறுப்பு. கோட்டைத் தாண்டாமல் நிரப்பணும். காய்ந்ததும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அதே கோட்டை மறுபடி இழுக்கணும். மூலையில் பெயர், வகுப்பு. ஒரு போட்டோ. அன்று சாயந்திரம் அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யானை நிற்கும்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே யானையைப் போடுகிறார்களே என்று குறை சொல்வது சுலபம். அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் கிடையாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். என் ஆட்சேபம் அந்த வரிசைமேல்தான். கோடு, நிரப்பு, மறுபடி கோடு என்று போனால் நீர்வண்ணம் தண்ணி ஊற்றிய கிரேயான் ஆகிவிடுகிறது. விலங்கை ஆரம்பம் முதல் கடைசிவரை யாருமே பார்ப்பதில்லை. இந்த ரெண்டு இழப்பும் தனித்தனி மாதிரி தெரியும். ஆனால் ஒன்றிலிருந்துதான் இன்னொன்று வருகிறது.

நீர்வண்ணம் என்ன கேட்கிறது

நீர்வண்ணம் என்பது நிறப்பொடியும் பிசினும்தான். பிசின் வேல மர வகையிலிருந்து வருவது. தண்ணி அதைத் தாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஆவியாகிவிடும். நிறம் மெல்லிய படலமாகத் தங்கும். வெளிச்சம் அதை ஊடுருவி, கீழே இருக்கிற வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால்தான் நல்ல நீர்வண்ணப் படம் உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி இருக்கும்.

இதிலிருந்து மூன்று விஷயம் தானாக வருகிறது. ஒன்று, வெள்ளை என்பது தாள். எங்கே வெளிச்சம் வேணுமோ அங்கே பிரஷ் போகக் கூடாது. ரெண்டு, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும். திரும்பி வர வழியில்லை. மூன்று, ரப்பர் வேலை செய்யாது. ஆக, பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னாலேயே எதை விடப்போகிறோம் என்று முடிவு செய்யணும். அதை முடிவு செய்ய எதிரே இருப்பதைப் பார்த்தாக வேண்டும்; வேறு வழி கிடையாது.

எருமையையே எடுத்துக்கொள்வோம். டப்பாவில் கறுப்பு இருப்பதால் வகுப்பில் எருமை கறுப்பு. குட்டையிலிருந்து ஏறி வந்த எருமையைப் பகல் பதினொரு மணிக்குப் பாருங்க. ஈர முதுகில் வானம் தெரியும். அது கிட்டத்தட்ட வெள்ளை. பக்கவாட்டில் நீலம் கலந்த சாம்பல். வயிற்றுக்கு அடியில் மண்ணின் செம்பழுப்பு ஏறியிருக்கும். சேறு காய்ந்த இடம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். இடுப்பெலும்பு, கூடாரத்துக் கம்பு துணியைத் தூக்குகிற மாதிரி தோலைத் தூக்கி நிற்கும். முழுக் கறுப்பு என்று சொல்ல மூக்குத் துளையும் காதின் உள்பக்க நிழலும்தான் மிச்சம்.

இதை நீர்வண்ணத்தில் பிடிக்க அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் போதும். ரெண்டையும் கலந்தால் உயிருள்ள சாம்பல் கிடைக்கும். தண்ணி கூடினால் அது ஒரு பக்கம் நீலமாகவும் இன்னொரு பக்கம் பழுப்பாகவும் பிரியும். எருமைத் தோலுக்கு இதைவிடப் பொருத்தமான சாயம் தேட வேண்டியதில்லை. ஆனால் கறுப்பால் நிரப்பிக் கறுப்பால் கோடிழுக்கும் பிள்ளைக்கு இது எதுவும் தெரியவராது. அந்தப் பிள்ளை 'எருமை' என்ற சொல்லுக்குத்தான் நிறம் அடிக்கிறது.

கோடு எங்கிருந்து வந்தது

இந்த வரிசை இந்த வகுப்புகள் கண்டுபிடித்தது இல்லை. அலெக்சாண்டர் ஹன்டர் 1850-ல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. கைத்தொழிலுக்குப் பயன்படும் ஆட்களைத் தயார்செய்வது அந்தப் பள்ளியின் நோக்கங்களில் ஒன்று. அதே காலத்தில் பிரிட்டனில் தென் கென்சிங்டன் பாடத்திட்டம் ஓவியக் கல்வியை 23 படிகளாக வகுத்தது. ஆரம்பப் படிகளில் அச்சுப் படத்தைப் பார்த்து அவுட்லைன் எடுப்பதுதான் வேலை; வண்ணம் ரொம்பப் பின்னால் வரும். துணிக்கும் பாத்திரத்துக்கும் டிசைன் போடுகிறவருக்கு அது நல்ல பயிற்சிதான். தமிழ்நாட்டின் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இன்றும் 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்' என்ற பெயர் இருப்பதைப் பார்க்கும்போது, கோடுதான் ஓவியம், வண்ணம் அதன் அலங்காரம் என்ற எண்ணத்துக்கு நம் ஊரில் எவ்வளவு வயசு என்று புரிகிறது.

பார்த்துப் போடுவது பாவமா?

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. விக்டர் லோவன்ஃபெல்டின் 'கிரியேட்டிவ் அண்ட் மென்டல் க்ரோத்' 1947-ல் வெளிவந்தது. அந்தப் புத்தகத்தின் வழியாகப் பிரபலமான ஒரு படவரிசை இருக்கிறது. முதலில் ஒரு குழந்தை தானாக வரைந்த பறவை. அடுத்து, அதே குழந்தை வண்ணம் தீட்டிய அச்சுப் பறவை. மூன்றாவதாக, அதற்குப் பிறகு அந்தக் குழந்தை வரைந்த பறவை. மூன்றாவது அச்சுப் பறவையின் நகலாக இருக்கும். குழந்தையின் பறவை காணாமல் போயிருக்கும். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்து, 1944 முதல் சேவாகிராமில் காந்தியின் நயி தாலிம் பள்ளியில் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத்தும், குழந்தையின் படத்தைப் பெரியவர்களின் அளவுகோலால் அளக்காமல் அதன் வளர்ச்சியோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னவர்தான்.

ஆனால் 1977-ல் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் இந்தக் கட்சியைக் கேள்வி கேட்டார்கள். பிள்ளைகள் வரையக் கற்பதே மற்ற படங்களைப் பார்த்துத்தான் என்பது அவர்கள் வாதம். காமிக்ஸிலிருந்தும் டிவியிலிருந்தும் கூடப் படிக்கிற அண்ணன் அக்காவின் நோட்டிலிருந்தும் எடுத்துத்தான் கை பழகுகிறது.

எனக்கு வில்சன்கள் சொல்வதுதான் நம்ம ஊருக்கு ஒத்துவரும் என்று படுகிறது. எல்லாரும் ஒரே யானை போடுவதில் பெரிய ஆட்சேபம் இல்லை என்றேனே, அதன் காரணம் இதுதான். கோலம் அப்படித்தான் கைமாறுகிறது. சிற்பியும் தாளமானம் என்ற அளவுமுறையைப் பார்த்துப் பழகியே வருகிறார். ஆனால் அளவு கற்றவர் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை. மாமல்லபுரத்தில் இருக்கும் குரங்குக் குடும்பத்தைப் பாருங்க: ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்க்கிறது, குட்டி பால் குடிக்கிறது. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சியில் பசு கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. அந்தக் கழுத்து மடிப்பு எந்தச் சூத்திரத்திலும் கிடைக்காது. மாட்டுக் கொட்டகையில் நின்று பார்த்தவருக்குத்தான் கிடைக்கும். பள்ளிச் சுற்றுலாவில் நம்ம பிள்ளைகள் அதற்கு முன்னால்தான் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

ஆக, நகல் எடுப்பது பிரச்சினை இல்லை. ஒரே ஒரு விடையை நகல் எடுப்பதும், அதோடு நிறுத்திவிடுவதும்தான் பிரச்சினை. சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட 'யானை வரைய எட்டு வழிகள்' என்ற பயிற்சிப் புத்தகம் ('8 வேஸ் டு டிரா அன் எலிஃபன்ட்') இங்கே உதவுகிறது. இந்தியாவின் வெவ்வேறு நாட்டார், பழங்குடி ஓவிய மரபுகளில் யானை எப்படியெல்லாம் ஆகிறது என்று அது காட்டுகிறது. பிள்ளை நகல்தான் எடுக்கிறது. ஆனால் எட்டு யானையை வரைந்து முடிக்கும்போது 'யானை என்றால் இப்படித்தான்' என்ற நம்பிக்கை உடைந்துவிடும். ஒவ்வொரு ஓவியரும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்பது கைக்கே புரியும். அதே பதிப்பகத்தின் 'லண்டன் ஜங்கிள் புக்'கில் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம் லண்டன் பஸ்ஸை நாயாகவும், பிக் பென்னைச் சேவலாகவும் போட்டிருப்பார். நாயையும் சேவலையும் நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

எட்டு வழிகள் புத்தகத்தின் குறையையும் சொல்லணும். அதன் உலகம் கோடும் உள்நிரப்புக் கோலமும்தான். ஈரத் தாளில் நிறம் ஓடும்போது என்ன செய்வது என்று அது சொல்லாது. உயிருள்ள யானையிடம் பிள்ளையை அனுப்பவும் செய்யாது. மரபைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அடுத்த அடியை வகுப்பில்தான் வைக்கணும்.

வரிசையைத் திருப்பினால்

அந்த அடி பெரிய செலவு கேட்கவில்லை. முதல் ஐந்து நிமிஷம் கையில் எதுவும் வேண்டாம். தெருவில் படுத்திருக்கிற நாயைப் பார்க்கட்டும். தலை எந்தப் பக்கம், எடை எந்தக் காலில், வெயில் எங்கே படுகிறது. பிறகு பென்சில் இல்லாமல், நிறைய தண்ணியோடு, நாயின் மொத்த உருவத்தை ஒரே வெளிர் வாஷாகப் போடட்டும். வெயில் பட்ட இடத்தை மட்டும் விட்டுவிடணும். ஈரம் காயும்முன் ஒரு சொட்டு அடர் நிறத்தை வயிற்றுப் பக்கம் விட்டால் அது தானாகப் பரவி உடம்புக்கு உருட்டல் கொடுக்கும். காயும்வரை காத்திருக்கணும், நம்ம சென்னைப் புழுக்கத்தில் இதுதான் கஷ்டம், ஃபேன் தேவைப்படும். கண், மூக்கு, நகம் கடைசியில், கொஞ்சம் ஈரம் குறைந்த பிரஷ்ஷால். ஸ்கெட்ச் பேனா வேண்டவே வேண்டாம்.

டிராயிங் நோட்டுத் தாள் தண்ணி பட்டதும் நெளியும். அதனால்தான் வகுப்பில் தண்ணி குறைவாக எடுக்கச் சொல்கிறார்கள், படமும் கெட்டியாகப் போகிறது. 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் விலை அதிகம்தான். ஒரு பெரிய தாளை எட்டாக வெட்டி உள்ளங்கை அளவு நாய் போட்டால் கட்டுப்படியாகும். முதல் பத்து நாய் நாய் மாதிரியே இருக்காது. பத்தையும் தூக்கிப் போடாமல் வரிசையாகச் சுவரில் ஒட்டினால், எங்கே நாய் வர ஆரம்பித்தது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

இங்கே ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு மணி நேரம், பதினைந்து பிள்ளைகள், வாசலில் ஸ்கூட்டியோடு நிற்கும் பெற்றோர். நனைந்து கலங்கிய நாயைக் கையில் கொடுத்து அனுப்பினால் அடுத்த மாதம் ஃபீஸ் வருமா என்ற பயம் பொய்யில்லை. அரசுப் பள்ளி நிலை இன்னும் மோசம். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள்; பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். ஓவிய வகுப்பை இப்படி நடத்தும் ஊரில் ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். முடிந்த படம் வேணும் என்று கேட்பது நாம்தான். பரிசளிப்பதும் நாம்தான். போட்டிக்குத் தலைப்பு 'புலியைக் காப்போம்' என்று கொடுப்பதும் நாம்தான். அந்தப் பிள்ளை பார்த்திருப்பது காலண்டர் புலியை.

இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருந்தால் விட்டுவிடலாம். ஒன்பது, பத்து வயசில் பிள்ளைகள் தங்கள் படத்தை நிஜத்தோடு ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள். லோவன்ஃபெல்டும் இந்த வயசைத் தனிக் கட்டமாகவே குறித்திருக்கிறார். அதுவரை ஆறு கட்ட யானை காப்பாற்றும். அப்புறம் கட்டம் போட்டுத் தராத ஒரு விலங்கு எதிரே வரும்: படுத்திருக்கிற மாடு, சொறிந்துகொள்ளும் நாய். கை நின்றுவிடும். 'எனக்கு டிராயிங் வராது' என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடும். வராதது டிராயிங் இல்லை; பார்க்கும் பழக்கம் கொடுக்கப்படவில்லை. இந்த வித்தியாசம் அந்த வயசில் பிள்ளைக்குத் தெரியாது, வாழ்நாள் முழுக்கத் தனக்குத் திறமை இல்லை என்றே நினைத்துக்கொள்ளும்.

பெற்றோருக்கு ஒரு சின்ன யோசனை. பிள்ளை நாய்ப் படத்தோடு வந்தால் 'சூப்பர்' என்று சொல்வதற்கு முன்னால் 'இது எந்த நாய்டா?' என்று கேளுங்க. 'அதான்மா, ஸ்டேஷன் கேட்டுக்கிட்ட ஒரு காது மடிஞ்சது இருக்குமே, அது' என்று பதில் வந்தால், படம் எவ்வளவு கலங்கியிருந்தாலும் அந்த வகுப்புக்குக் கொடுத்த ஃபீஸ் வீண் இல்லை.