பச்சை எரிந்தால் போதுமா?

நண்பரின் மகள் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறாள். போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, முறுக்கைக் கடித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து காட்டினாள்.

"அங்கிள், இதப் பாருங்க. நேத்து ராத்திரி நான் தூங்கிட்டிருந்தப்ப நானூறு டெஸ்ட் ஓடி முடிஞ்சிருக்கு. அத்தனையும் பச்சை!"

வரிசையாகப் பச்சை டிக். பி.காம். படித்தவனுக்கு டிக் அடித்த பட்டியலைப் பார்த்தாலே மனசு குளிர்ந்துவிடும். எனக்கும் குளிர்ந்தது. "எந்தக் கம்ப்யூட்டர்லம்மா ஓடிச்சு?" என்று கேட்டேன். "எங்கயோ வெளிநாட்டுல. எங்கன்னு எனக்கே தெரியாது" என்றாள்.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு இணையதளத்தை உருவாக்குகிறவர்களுக்குப் பெரிய தலைவலி, ஜனங்கள் அதை எதில் திறப்பார்கள் என்பது. விண்டோஸா, மேக்கா, ஆண்ட்ராய்டா, ஐபோனா? குரோமா, ஃபயர்ஃபாக்ஸா, சஃபாரியா? ஒவ்வொன்றிலும் பழசு, புதுசு வேறு. அத்தனையும் வாங்கி அடுக்கினால் ஆபீஸ் ரிச்சி தெரு ஆகிவிடும். அதனால் இவற்றை இணையம் வழியாக வாடகைக்கு விடுகிறார்கள். இங்கிருந்து ஒரு புரொகிராம் கட்டளை அனுப்பும்: 'குரோமைத் திற. இந்தப் பக்கத்துக்குப் போ. இந்தக் கட்டத்தில் பெயரை அடி. பொத்தானை அமுக்கு. நன்றி என்று வந்ததா, சொல்.' எங்கோ இருக்கும் மெஷின் சொன்னதைச் செய்துவிட்டுப் பதில் அனுப்பும். நடந்ததை வீடியோவாகவும் எடுத்து வைக்கும். பெரும்பாலும், ஒரே நேரத்தில் எத்தனை மெஷின் ஓடுகிறது என்பதைப் பொறுத்து வாடகை.

இதற்கெல்லாம் ஆதாரம் செலினியம் என்ற இலவச மென்பொருள். 2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜேசன் ஹக்கின்ஸ் ஆரம்பித்தது. அப்போது டெஸ்டிங் கருவிகளில் பெரிய பெயர் மெர்க்குரி. அதாவது பாதரசம். பாதரச விஷத்துக்குச் செலினியம் முறிவு என்று கிண்டலாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அதே ஹக்கின்ஸ் 2008-ல் வேறு இருவருடன் சேர்ந்து சாஸ் லேப்ஸைத் தொடங்கி, மெஷின்களை வாடகைக்கு விட்டார். 2011-ல் ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் நம்ம ஊர் சரக்கு. 2021-ல் முதலீட்டாளர்கள் அதற்குப் போட்ட மதிப்பு 400 கோடி டாலர்!

நல்ல சேவைதான், மறுக்கவில்லை. 2001-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஆபீஸ்கள் உண்டு. அந்த அவஸ்தை போயிற்று. ரெண்டு பேர் கம்பெனிகூட இருபது வகைக் கருவியில் சோதித்துப் பார்க்க முடிகிறது.

பொங்கல் முடிந்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முகத்தில் தீபாவளிக் களை இல்லை. அவர்கள் செய்து கொடுத்த தளத்தில், மருத்துவச் செலவைத் திரும்பப் பெற ஒரு தமிழ் விண்ணப்பம். கடைசியில் இரண்டு பொத்தான். ஒன்றில் 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்'. இன்னொன்றில் 'விண்ணப்பத்தை ரத்து செய்யவும்'. பெரியவர் ஒருவர் கண் சரியாகத் தெரியாமல் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். பொத்தான் மட்டும் பெரிதாகவில்லை. இரண்டிலுமே 'விண்ணப்பத்…' என்பதோடு எழுத்து வெட்டுப்பட்டு நின்றது. அவர் அமுக்கியது ரத்து. பணம் வரும், வரும் என்று இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறார்.

அன்றைக்கும் நானூறும் பச்சைதான். ஏன் என்றால், டெஸ்ட் கேட்டது 'பொத்தானில் இந்த வாசகம் இருக்கிறதா?' என்று. இருக்கிறது. பக்கத்தின் உள்ளே முழு வாசகமும் பத்திரமாக இருக்கிறது. திரையில் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஜனவரி 2009-ல் சத்யம் கம்பெனியில் 5,040 கோடி ரூபாய் புத்தகத்தில் இருந்தது, பேங்கில் இல்லை என்று தெரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்குதான் அதுவும். கொடுத்த பட்டியலுக்கு டிக் அடிப்பது வேறு, எழுந்து போய்ப் பார்ப்பது வேறு.

வாடகை மெஷின்களிடம் எனக்குள்ள முதல் குறை இதுதான். எல்லாம் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் குளித்துத் துடைத்த புதுசு. மெமரி நிரம்பி வழியாது, சிக்னல் அறுந்து அறுந்து வராது, எழுத்து பெரிதாக இருக்காது. ஜனங்கள் கையில் இருப்பது அந்த மாப்பிள்ளை அல்ல, பத்து வருஷம் கழித்த புருஷன்.

இரண்டாவது, சிவப்பு. கட்டளை கடல் தாண்டிப் போய் வருகிறது. பதில் கொஞ்சம் தாமதமானாலும், தப்பே இல்லாமல் சிவப்பு எரியும். 'நெட்வொர்க்தான், மறுபடி ஓட்டு' என்பார்கள். பச்சை வருகிறவரை ஓட்டுவார்கள். புலி வருது கதைதான். நிஜப் புலி வந்தாலும் 'மறுபடி ஓட்டு'.

சோதிக்கும் இடமே தப்பியதா என்றால், அதுவும் இல்லை. நவம்பர் 2014-ல் பிரவுசர்ஸ்டாக்கில் ஒருவர் புகுந்து, வாடிக்கையாளர்கள் சிலருக்குக் கடை மூடப்படுவதாக மெயில் அனுப்பிவிட்டார். அவர் நுழைந்த வழி, எப்போதோ போட்டு மறந்த பழைய மெஷின் ஒன்று. 'ஷெல்ஷாக்' ஓட்டையை மற்ற இடங்களில் அடைத்தவர்கள், அதில் அடைக்கவில்லை. நிறுவனமே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது, நல்ல பழக்கம். ஆனால் பாடம் அதேதான். பட்டியலில் இல்லாத மெஷினை யாரும் சோதிப்பதில்லை.

இதில் என்னை உறுத்துவது வேறு. அந்தப் பெண்ணின் டீமில் முன்பு கையால் தட்டிப் பார்க்க நாலு பேர் இருந்தார்களாம். இந்தச் சேவை வந்ததும் மூன்று பேரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வாடகைக்கு எடுத்தது கைகளைத்தான். கண்களும் சேர்ந்து வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். நானூறு வீடியோ இருந்தும், திறந்து பார்க்க ஆள் இல்லை.

இப்போது அவள் தினமும் கால் மணி நேரம், பெரிய எழுத்து வைத்த ஒரு பழைய போனில் தானே எல்லாப் பக்கத்தையும் தட்டிப் பார்க்கிறாளாம். போன் யாருடையது என்று கேட்டேன். அவள் அப்பாவுடையது.

நண்பர் ஒரு வாரமாகப் போனில் கிடைக்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.