எம்டனுக்கு ஒரு கல்வெட்டு

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர்நீதிமன்றச் சுவரில் அதற்குக் கல்வெட்டு உண்டு. 'ஆள் சரியான எம்டன்' என்று பேச்சிலும் தங்கிவிட்டது.

1942 ஏப்ரலுக்குக் கல்லும் இல்லை, சொல்லும் இல்லை. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று அரசே நகரைக் காலிசெய்யச் சொன்னது. மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மயிலாப்பூரிலோ தி. நகரிலோ 'எவாக்குவேஷன்' என்று வாயெடுத்தால் அடிமாட்டு விலைக்குக் கைமாறிய வீடுகளின் கதைதான் வருகிறது. இதை நகரத்தின் நினைவு என்று ஏற்க எனக்குச் சம்மதமில்லை. இது பத்திரம் வைத்திருந்தவர்களின் நினைவு. விற்க வீடும் ஓடிப்போக ஊரும் இல்லாதவன் அந்த மாதம் என்ன பண்ணினான்? ரிக்‌ஷாக்காரனும் தோட்டியும் இந்தக் கதையாடலுக்குள் நுழைவதேயில்லை.

இலக்கியமும் பெரிதாக உதவவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) போரை மெடானிலும் பினாங்கிலும் கண்டது; அசாத்தியமான நாவல், மறுக்கவில்லை. ஆனால் மயிலைக் கடற்கரைக் குப்பத்தில் நின்றுகொண்டு அந்த ஏப்ரலைப் பார்க்கிற நாவல் எதையும் நான் இன்னும் படிக்கவில்லை.